எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள்

நம் ஊர்ப் பெண்களுக்கு எலியோடு இரண்டே விதமான சம்பந்தம்தான். ஒன்று, பிள்ளையாரின் வாகனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது. மற்றொன்று, அரிசி மூட்டையில் ஓட்டை போட்டுவிட்டது என்று விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அறுபது வயது வரை நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு ஜீவனுக்கு நான் பேறுகாலம் பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், "போடி, உனக்கு வேற வேலை இல்லை" என்றிருப்பேன்.

ஆனால் பார்த்தேன். சிங்கப்பூரில், மகளின் பிரசவத்துக்குப் போன இடத்தில்.

இப்போது நம் சென்னை, கோவைக் கடைகளிலும் ஹாம்ஸ்டர் என்கிற இந்தக் குட்டிப் பிராணி கிடைக்கிறது. பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள், அப்பாக்கள் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அதற்குத் தீனி போடுவதும், கூண்டு கழுவுவதும், அது குட்டி போட்டால் திகைத்து நிற்பதும் யார்? நாம்தானே! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளங்கை அளவு பிராணி

என் மகள் குடியிருப்பது வீவக அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடி. அந்த வீடுகளில் நாய் வளர்க்க ஆயிரத்தெட்டு நிபந்தனை. பூனைக்கு 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. ஆகவே அங்கே பிள்ளைகளின் ஆசைக்கு வெகு காலமாக ஈடு கொடுத்து வந்தது ஹாம்ஸ்டர்தான். எட்டு வயதுப் பேத்தியும் கேட்டாள்; மாப்பிள்ளை இரண்டு வாங்கி வந்தார். "ரெண்டும் பொண்ணு. அக்கா தங்கச்சி. சண்டை போடாது" என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஒன்றுக்கு மைலோ என்று பெயர், மற்றதற்குக் கோப்பி.

இவை குள்ள ஹாம்ஸ்டர்கள். பெரியவர் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசு. எடை முப்பது, நாற்பது கிராம். வால் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு கன்னத்திலும் பை. அதில் தீனியை அடக்கிக்கொண்டு போய் மூலையில் பதுக்கும். இவற்றின் தாய்நாடு மங்கோலியா, சைபீரியா, கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகள். 1902-ல் மங்கோலியாவில் காம்ப்பெல் என்பவர் பிடித்ததால் ஒரு வகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. குளிர்காலத்தில் வெள்ளையாக மாறுகிற வகை இன்னொன்று. ரோபோரோவ்ஸ்கி என்று வாயில் நுழையாத பெயருள்ள மிகச் சின்ன வகை மூன்றாவது. எங்கள் மைலோவும் கோப்பியும் காம்ப்பெல் வகை.

நான் 2024 நவம்பர் ஆரம்பத்தில் போய் இறங்கினேன். மகளுக்கு ஏழு மாதம். பெட்டியைப் பிரித்துப் பருப்புப்பொடி, சுக்கு, பூண்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாச்சி, வந்து பாருங்க. மைலோ குண்டாயிட்டா. நிறைய சாப்பிடறா."

போய்ப் பார்த்தேன். வயிறு கீழ்ப்பக்கம் பேரிக்காய் மாதிரி புடைத்திருந்தது. கொடுத்த காகிதத்தையெல்லாம் கிழித்துக் கிழித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனது. கூட இருந்த கோப்பி கிட்டே வந்தால் சீறியது. நாலு பேருக்குப் பிரசவம் பார்த்த கண்ணுக்கு இது தெரியாதா?

"ஏம்மா, இது குண்டாகலை. உண்டாயிருக்கு!" என்றேன்.

மகள் அடுத்த அறையிலிருந்து, "என்னது?" என்றாள்.

மாப்பிள்ளை அன்று மாலையே சின்னப் பிராணிகள் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் இரண்டையும் எடுத்துப் போனார். தங்கச்சி என்று வாங்கிய கோப்பி ஆண்! இந்தக் கடைத் தவறு சகஜமாம். வாங்கும்போதே வயிற்றுப்பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு அடியில் இரண்டு துவாரமும் மிக நெருங்கி இருக்கும். ஆணுக்கு இடைவெளி அதிகம். இன்னொன்று: இவை பிறந்து நாலைந்து வாரத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே கடையிலிருந்து வருகிற பெண் ஏற்கெனவே கர்ப்பிணியாகவே வந்து சேரவும் கூடும். சினைக்காலம் பதினெட்டு முதல் இருபது நாள்தான்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

குட்டி பராமரிப்பைச் சொல்லும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மகளின் பிரசவ டாக்டரம்மாவிடம் அடுத்த முறை போனபோது, வீட்டில் ஹாம்ஸ்டர் இருக்கிறது, அதுவும் குட்டி போடப் போகிறது என்று சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. எல்.சி.எம்.வி. என்று ஒரு வைரஸ். வீட்டுச் சுண்டெலியில் இருப்பது. அதனிடமிருந்து பண்ணையிலோ கடையிலோ ஹாம்ஸ்டருக்குத் தொற்றலாம். பிராணி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். அதன் சிறுநீர், புழுக்கை, எச்சில், கூண்டைக் கிளறும்போது எழும் தூசு ஆகியவற்றின் வழியாக மனிதருக்கு வரலாம். நல்ல உடம்புக்காரருக்கு ஒரு காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தாலோ கரு கலையலாம்; பிறக்கும் குழந்தைக்குக் கண்ணிலும் மூளையிலும் ஊனம் ஏற்படலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆபத்துதான். 2005-ல் அமெரிக்காவில் இறந்துபோன ஒருவரின் உறுப்புகளைப் பொருத்திக்கொண்ட நாலு பேருக்கு இந்த வைரஸ் தொற்றி, மூன்று பேர் இறந்தார்கள். அந்த உறுப்புகளைத் தந்தவர் வீட்டில் புதிதாக ஒரு ஹாம்ஸ்டர் வாங்கியிருந்தார்கள்.

"அடிக்கடி வருகிற வியாதியில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் தொடக் கூடாது, கூண்டைச் சுத்தம் பண்ணக் கூடாது, அது இருக்கும் அறையில் நேரம் கழிக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

மாப்பிள்ளை வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அத்தை, ரெண்டையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு எட்டு வயசு கேட்டுக்கொண்டிருந்தது. அது அழவில்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. "பாப்பா வரப்போவுதுன்னு மைலோவை அனுப்பப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டது.

வரப்போகிற குழந்தையின் மேல், அது பிறக்கும் முன்பே இவளுக்கு ஒரு வருத்தம் விழுந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. "நான் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை. உங்க அறையிலேர்ந்து தள்ளி, பின்னால இருக்கற சின்ன அறையில வெச்சுடுங்க. கதவு சாத்தியே இருக்கட்டும். என்னைத் தவிர யாரும் உள்ளே கை வைக்க வேண்டாம்" என்றேன். டாக்டரம்மாவிடமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டோம். அப்படியானால் சரி என்றார். ரப்பர் கையுறை, முகக்கவசம், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அதன் பிறகே சமையலறை. இதுதான் அன்று முதல் என் ஆசாரம்.

பேறுகால ஏற்பாடு

வாங்கிய கூண்டு கம்பிக் கூண்டு. கம்பி இடைவெளியில் குட்டிகள் நழுவி வெளியே வந்துவிடும். அதனால் பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கையிலேயே, துணிமணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை அறுத்து, வலை பொருத்திக் கொடுத்தார் மாப்பிள்ளை. அடியில் வாசனை சேர்க்காத காகிதத்தூள் கனமாகப் பரப்பினோம். தேவதாரு, பைன் மரத்தூள் ஆகாது. அதன் நெடி மூச்சுக்குக் கெடுதல். கூடு கட்ட வெள்ளை மெல்லிழைத்தாளைக் கிழித்துப் போட்டால் போதும். பஞ்சு போடாதீர்கள். மெத்தென்று இருக்குமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதன் நூல் குட்டியின் காலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ஓடி விளையாடுகிற சக்கரத்தையும் சில நாளைக்கு எடுத்துவிட்டோம்.

அந்த அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி கிடையாது. ரசகற்பூர உருண்டை பக்கத்து அலமாரியில்கூட இருக்கக் கூடாது. ஏ.சி. காற்று நேரே படக் கூடாது.

தந்தையைப் பிரிக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். காம்ப்பெல் வகையில் அப்பாதான் மருத்துவச்சி! கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கேத்தரின் வின்-எட்வர்ட்ஸும் சக ஆராய்ச்சியாளரும் இதைக் கவனித்து 2000-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். குட்டி வெளியே வரும்போது ஆண் தன் கையாலும் வாயாலும் பிடித்து வாங்குமாம். மூக்கை நக்கிச் சுத்தம் செய்து மூச்சுவிட வைக்குமாம். தாய் தீனிக்குப் போனால் குட்டிகளின் மேல் படுத்துச் சூடு காக்குமாம். மகள் இதைக் கைப்பேசியில் பார்த்து உரக்கப் படித்தாள். படித்துவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனார்.

ஆனாலும் கோப்பியைப் பிரித்துத்தான் வைத்தோம். ஏனென்றால் குட்டி போட்ட ஒரு நாளைக்குள்ளேயே தாய் மறுபடி சினைப்பட்டுவிடும். கைக்குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றையும் சுமக்கிற கொடுமை வேண்டாம் என்றார் கால்நடை மருத்துவர். நம் பாட்டிமார்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. உடனே தனிக் கூண்டு போட்டோம்.

ஆறு வேர்க்கடலை

ஒரு விடியற்காலையில் கூட்டுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று ஊசிச் சத்தம். மைலோ தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் எட்ட நின்று பார்த்தேன். உரித்த வேர்க்கடலை மாதிரி ஆறு! ரோஜா நிறம். உடம்பில் ஒரு மயிர் இல்லை. கண் மூடியிருக்கிறது, காது ஒட்டியிருக்கிறது, விரல்கள்கூடப் பிரியவில்லை. எடை ஒவ்வொன்றும் இரண்டு கிராம்கூட இராது. ஆனால் பல் மட்டும் பிறக்கும்போதே இருக்கிறது! தோல் எவ்வளவு மெல்லிசென்றால், குடித்த பால் வயிற்றில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை தெரிந்தால் குட்டி பால் குடிக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

தொடாமல் இருப்பதுதான் பராமரிப்பில் பாதி. முதல் பத்துப் பன்னிரண்டு நாள் குட்டியைக் கையால் தொடாதீர்கள். கூட்டைக் கலைக்காதீர்கள். இரண்டு வாரம் கூண்டை முழுதாகக் கழுவாதீர்கள். நாற்றம் வந்தால், கூட்டுக்கு எட்ட இருக்கிற ஈர மூலையை மட்டும் ஒரு கரண்டியால் அள்ளிவிடுங்கள். சுத்தம் சுத்தம் என்று பழகிய நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் தாய்க்குத் தன் வாசனை உள்ள இடம்தான் பத்திரமான இடம்.

மீதிப் பாதி, தாய்க்கு ஆகாரம். வழக்கமான தானியக் கலவையோடு புரதம் கூடுதலாக வேண்டும். உப்பு, காரம், எண்ணெய் இல்லாமல் வேகவைத்த முட்டைத் துண்டு, கோழித் துண்டு, டோஃபு, கொஞ்சம் முளைப்பயறு என்று மாற்றி மாற்றிச் சுண்டுவிரல் நக அளவு வைத்தேன். மீந்ததை அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பதுக்கி வைத்து அழுகிவிடும். தண்ணீர் ஒரு நேரம்கூட வற்றக் கூடாது. அதையும் புட்டியில் தொங்கவிட வேண்டும். கிண்ணத்தில் வைத்தால் குட்டி விழுந்து மூழ்கும். பூண்டு, வெங்காயம், எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட் கூடாது. வெல்லம், தேன், பழம் என்று இரக்கப்பட்டுக் கொடுக்காதீர்கள். குள்ள ஹாம்ஸ்டருக்குச் சர்க்கரை வியாதி சுலபமாக வரும்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேல்மாடி வீட்டில் தரை உடைக்க ஆரம்பித்தார்கள். அடுக்குமாடியில் இது சாதாரணம். துளைக்கும் யந்திரத்தின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. நான் பெட்டியின் மேல் கெட்டித் துணியைப் போர்த்தினேன். காற்றுக்கு ஒரு பக்கம் விட்டேன். பெட்டியை இடம் மாற்றினால் அந்த அதிர்ச்சி வேறு. மைலோ ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை ஓடியது.

மாலையில் சத்தம் அடங்கிப் பார்த்தபோது நாலுதான் இருந்தன.

பேத்திக்கு எப்படிச் சொல்வது? அவளே எண்ணிவிட்டாள். "ரெண்டு எங்கே அம்மாச்சி?" என்றாள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "மைலோவே தின்னுடுச்சும்மா" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கெட்ட அம்மா. அவளுக்கு இனிமே சாப்பாடு போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

இது ஹாம்ஸ்டர் வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் பார்க்க நேர்வதுதான். முதல் ஈற்றில் அதிகம். காரணம் கொடூரம் இல்லை. பயம், இடைஞ்சல், சத்தம், தண்ணீர் இல்லாமை, புரதக் குறைவு, குட்டி இறந்தோ நோஞ்சானாகவோ இருத்தல் என்று ஏதாவது ஒன்று. காட்டில் கூடு எதிரிக்குத் தெரிந்துவிட்டது என்றால் எல்லாக் குட்டியும் போகும். அதற்குப் பதிலாகச் சிலவற்றைத் தின்று, அந்தப் பலத்தில் மீதியைக் காப்பாற்றுகிறது. 1930-ல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் சிரியாவில் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில் வயலைத் தோண்டிப் பொன்னிற ஹாம்ஸ்டர் ஒன்றையும் அதன் 11 குட்டிகளையும் எடுத்தார். பெட்டியில் போட்டதும் தாய் ஒரு குட்டியைக் கொன்றுவிட்டது. தாயைப் பிரித்துவிட்டு, மீதியை அவரும் மனைவியும் கையால் வளர்த்தார்கள். இன்று உலகத்து வீடுகளில் இருக்கிற பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு ஈற்றின் வம்சம்தான்!

இந்தக் கதையைப் பேத்தியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "பாப்பா வந்தா அம்மாவுக்கும் பயம் வருமா?" என்றாள்.

நான் பதில் தேடுவதற்குள் வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். "வரும்டா கண்ணு. நீ பிறந்தப்ப எனக்கு வந்துச்சு. ஆனா உன்னை விட்டுடலையே, இறுக்கிப் பிடிச்சிக்கிட்டேனே" என்றாள்.

அன்று இரவு அவள் காலுக்கு எண்ணெய் தடவும்போது மீதியைச் சொன்னாள். முதல் பிரசவத்தின்போது அவள் அப்பா படுத்த படுக்கை. என்னால் ஊரைவிட்டு நகர முடியவில்லை. புருஷன் வேலைக்குப் போனபின் பத்து மணி நேரம் தனியாக இருந்திருக்கிறாள். பல நாள் காரணமே இல்லாமல் அழுதிருக்கிறாள். குழந்தை அழுதாலும் எழுந்து தூக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். "நான் மட்டும்தான் இப்படி, எனக்குத்தான் பாசம் இல்லைன்னு நினைச்சேம்மா. யாருகிட்டயும் சொல்லலை." எட்டு வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள்.

ஒரு எலியின் அவஸ்தையும் ஒரு பெண்ணின் மனச்சோர்வும் ஒன்றில்லை. ஆனால் பெற்றவளுக்கு அமைதியும் ஆகாரமும் ஆள்துணையும் வேண்டும் என்பது எல்லாத் தாய்க்கும் பொது. பிரசவமான முதல் சில நாள் அழுகை வருவது சாதாரணம்; அது தானே போய்விடும். இரண்டு வாரம் கடந்தும் சோகம் விடவில்லை, தூக்கம் இல்லை, குழந்தையிடம் ஒட்டுதல் வரவில்லை என்றால் அது வியாதி. டாக்டரிடம் காட்ட வேண்டும். "பெத்தவளுக்கு என்ன அழுகை?" என்று அதட்டுகிற வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் முந்தைய கதையைச் சொன்னோம். "இதை முன்கூட்டியே சொன்னது ரொம்ப நல்லது" என்று குறித்துக்கொண்டார்.

நாலும் வளர்ந்த கதை

மாப்பிள்ளை மேல்மாடிக்குப் போய்ப் பேசி, எந்தெந்த நாள் இடிப்பார்கள் என்று கேட்டு வந்தார். அந்த நாட்களில் அறை ஜன்னலைச் சாத்தி, பெட்டியின் மூன்று பக்கமும் தலையணை அடுக்கினோம். பேத்தி, "சத்தம் போடாதீர்கள். உள்ளே அம்மா இருக்கிறாள்" என்று தமிழில் எழுதிக் கதவில் ஒட்டினாள். கோபம் தீர்ந்துவிட்டது.

அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்து, நான் சொல்வதைச் சேர்த்து எழுதுவாள். நாலாம் நாள் தோல் கறுத்து, முதுகில் ஒரு கோடு. காது பிரிந்தது. ஏழாம் நாள் வெல்வெட் மாதிரி மயிர். ஒன்பது, பத்தில் கண் திறக்காமலேயே தத்தித் தத்தி வந்து தீனியை மோந்தன. அப்போதிருந்து ஊறிய ஓட்ஸ், மசித்த முட்டை ஆகியவற்றைக் கூட்டுக்கு அருகே தூவினேன்; தண்ணீர்ப் புட்டியைக் குட்டிக்கு எட்டும்படி இறக்கிக் கட்டினேன். பன்னிரண்டு, பதிமூன்றாம் நாள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன.

இடையில் ஆறாம் நாள் ஒரு கண்டம். நாலில் சின்னது கூட்டைவிட்டு உருண்டு வந்து மூலையில் கிடந்தது. பால் குடித்தபடியே தாய் எழுந்து வரும்போது, காம்பைப் பிடித்தபடி இழுபட்டு வந்திருக்க வேண்டும். இந்த வயதில் குட்டிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. தனியாகக் கிடந்தால் சில்லிட்டுப் போகும். சிறிது நேரம் பொறுத்தேன். வழக்கமாகத் தாயே வந்து கவ்விக்கொண்டு போகும். அது வரவில்லை. ஒரு கரண்டியைக் கூண்டுத் தூளில் நன்றாகப் புரட்டி அதன் வாசனை ஏற்றினேன். மைலோவுக்கு எதிர்மூலையில் முட்டைத் துண்டு வைத்தேன். அது அங்கே போனதும் குட்டியைக் கரண்டியில் ஏந்திக் கூட்டு வாசலில் விட்டேன். பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மைலோ திரும்பி வந்தது, மோந்து பார்த்தது, ஒரு நிமிஷம் நகரவே இல்லை. பிறகு மெதுவாகக் கவ்வி உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மேலே படுத்துக்கொண்டது. கதவுக்கு வெளியே ஒரு குதி கேட்டது. சத்தம் வராத குதி!

ஒருவேளை தாயே இறந்துவிட்டால்? வேறு தாய் ஹாம்ஸ்டர் கிடைத்தால் அதனிடம் விட்டுப் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கும் குறைந்த குட்டியைக் கையால் வளர்ப்பது அநேகமாக முடியாத காரியம். அதற்கு மேற்பட்டதென்றால், பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால் மாவைக் கரைத்து, இளஞ்சூட்டில், மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியில் தொட்டு நக்கக் கொடுக்க வேண்டும். மூக்கில் ஏறினால் உயிர் போய்விடும். பசும்பால் ஒத்துக்கொள்ளாது. பால் கொடுத்தபின் ஈரப்பஞ்சால் அடிப்பக்கம் மெல்ல ஒற்றினால்தான் மலஜலம் கழிக்கும். இராப்பகல் இரண்டு மணிக்கு ஒரு தரம் இதைச் செய்ய வேண்டும். கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

மூன்று வாரம் முடிந்த அன்று மருத்துவரிடம் கொண்டுபோய் ஆண், பெண் பிரித்தோம். தாமதித்தால் தாய், பிள்ளை என்று பார்க்காமல் மறுபடி சினை பிடிக்கக் கூடும். மூன்று பெண், ஒரு ஆண். இவற்றின் ஆயுசு இரண்டு வருஷம் போலத்தான். அதிலும் வளர்ந்தபின் ஒன்றாக இருந்தால் சண்டை வந்து ரத்தக்களரியாகும். தனித்தனிக் கூண்டே நல்லது. தெரிந்த குடும்பங்களில், கர்ப்பிணி இல்லாத வீடாகப் பார்த்து மூன்றைக் கொடுத்தோம். வளர்க்கும் முறையைப் பேத்தியே எழுதிக் கொடுத்தாள். அந்தச் சின்னதை மட்டும் அவள் விடவில்லை.

2025 ஜனவரியில் என் மகளுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பார்த்தால், பின்னறைக் கதவில் இருந்த காகிதம் இடம் மாறி, படுக்கையறைக் கதவில் ஒட்டியிருந்தது. சத்தம் போடாதீர்கள், உள்ளே அம்மா இருக்கிறாள்! நான் மூன்று மாதம் இருந்தேன். பகலில் ஒரு வேளையாவது மகள் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும் என்பது வீட்டின் சட்டமாக இருந்தது. அதைக் காவல் காத்தவள் அந்த எட்டு வயசுதான். மனச்சோர்வு இந்தத் தரம் எட்டிப் பார்த்தது, தங்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை ஹாம்ஸ்டர் கேட்டால் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் யாரும் கர்ப்பமாக இல்லையா, வாங்குவது ஆணா பெண்ணா என்று முதலில் பாருங்கள். ஒரு கூண்டில் ஒன்றே போதும். தப்பித் தவறிக் குட்டி போட்டுவிட்டால் தண்ணீர், முட்டை, மெல்லிழைத்தாள், அமைதி, இந்த நாலையும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மீதியைத் தாய் பார்த்துக்கொள்வாள்.